கல்லூரி பாஸ்கெட்பால் அணியும் தொண்ணூறுகளின் மியூசிக் டைரக்டர்களும்

ஒவ்வொரு மார்ச் மாதமும் எங்க டீமுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு ஜுரம் வந்து சேரும். மாலை ஏழு மணிக்கு கிளையன்ட் கால். மற்ற மாதங்களில் முதல் இரண்டு நிமிஷம் வானிலை பேசுவார்கள். மார்ச்சில் மட்டும் பதினைந்து நிமிஷம் பாஸ்கெட்பால் ஓடும். அதுவும் என்.பி.ஏ. இல்லை, கல்லூரிப் பசங்க ஆடுற என்.சி.ஏ.ஏ. போட்டி. 1985-லிருந்து 64 அணிகள், 2011-லிருந்து முன்சுற்றையும் சேர்த்து 68. தோற்றால் வெளியே. மூன்று வாரத்தில் ஒரே ஒரு அணி மிஞ்சும்.

யார் யாரை ஜெயிப்பார்கள் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே மொத்த அட்டவணையையும் நிரப்பி வைப்பதற்குப் பெயர் பிராக்கெட். 63 ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடை. இரண்டை 63 தடவை பெருக்கினால் சுமார் 92 ஆயிரம் கோடி கோடி வழிகள் வரும். (புரோகிராமர்களுக்கு மட்டும்: 64 பிட் சைன்டு இன்டிஜரில் அடங்கும் மிகப்பெரிய எண்ணைவிட இது சரியா ஒன்று அதிகம். முதல்முறை இதைக் கவனிச்சப்ப வந்த சந்தோஷத்தை வீட்ல யார்கிட்டயும் பகிர முடியலை.)

இந்த ஜுரத்துக்கு ஒரு கிளை வியாதியும் உண்டு. "டியூக் அணி எந்தத் தொண்ணூறுகளின் பேண்டு மாதிரி? கென்டக்கி யார் மாதிரி?" என்று ஒப்பிட்டு அடிச்சுக்குவாங்க. ஒருத்தர் நிர்வாணா என்பார், இன்னொருத்தர் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் என்பார். என்னையும் ஒரு வருஷம் கேட்டுவிட்டார்கள். நான் மணலிக்காரன். தொண்ணூறுகளில் எங்க பக்கம் ரிஃபைனரி புகைபோக்கி மேல எரியுற நெருப்பு ராத்திரி முழுக்கத் தெரியும், லாரி ரோட்டு டீக்கடையில் தேவா பாட்டு ஓடும். பேண்டு என்றால் கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வாசிப்பவர்கள். சும்மா சிரித்து வைத்தேன்.

ஆனால் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. நம்ம ஊருக்கு மாற்றிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது: அவர்களுடைய ஒப்பீடே தப்பு. எங்க பாஷையில் சொன்னால் டைப் மிஸ்மேட்ச். அணியையும் பேண்டையும் ஒரே பெட்டியில் போட முடியாது. ஒரு கல்லூரி அணிக்குச் சரியான ஜோடி பேண்டு இல்லை, கோடம்பாக்கத்து மியூசிக் டைரக்டர். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

எது மாறுது, எது மாறலை

பேண்டு என்றால் ஆட்கள்தான். நான்கு பேர் ஒரு கார் ஷெட்டில் சேர்ந்து ஆரம்பிப்பார்கள். கம்பெனி மாறும், மேனேஜர் மாறுவார், ஆட்கள் மாறமாட்டார்கள். முக்கியமான ஆள் போனால் கடை மூடப்படும். 1994 ஏப்ரலில் கர்ட் கோபேன் இறந்ததும் நிர்வாணா முடிந்துபோனது. மற்ற இரண்டு பேரும் நல்ல வாத்தியக்காரர்கள்தான். டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோல் அதே வருஷம் ஃபூ ஃபைட்டர்ஸை ஆரம்பித்தார். ஆனாலும் நிர்வாணா என்ற பெயரை இன்னொரு பாடகரை வைத்து ஓட்டணும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கல்லூரி அணி இதற்கு நேர் எதிர். அங்கே ஒரு ஆட்டக்காரருக்குக் கணக்கு நான்கு சீசன்தான். 1992-ல் சாம்பியனான டியூக் அணியில் இருந்த ஒருத்தர்கூட 1997-ல் அந்த அணியில் இருக்க முடியாது. ஆனால் பெயர் அதேதான், நீலச் சட்டை அதேதான், ஓரத்தில் நின்று கத்துகிற பயிற்சியாளரும் அதே மைக் ஷஷெவ்ஸ்கிதான். 1980-லிருந்து 2022 வரை 42 வருஷம் நின்றார், ஐந்து பட்டம் வாங்கினார். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே செட் பசங்களை வைத்து, மற்ற மூன்றும் வேறு வேறு செட்டை வைத்து.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நான் பதினாலு வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு சாஃப்ட்வேரில் முதல் வரி எழுதின ஆள் யாருமே இப்போது கம்பெனியில் இல்லை. சாஃப்ட்வேர் பெயர் மட்டும் மாறலை.

இசையில் இப்படிப்பட்ட ஏற்பாடு எங்கே இருக்கு? தலைமை ஒருத்தர், அவர் பெயர் நிலையானது, பாடுறவங்க, வாசிக்கிறவங்க, எழுதுறவங்க வந்து வந்து போவார்கள், ஆனாலும் மூன்று விநாடி கேட்டதுமே "இது இன்னார் பாட்டு" என்று சொல்லிவிடலாம். நம்ம ஊர்தான். 1976-ல் 'அன்னக்கிளி'யில் பாடினவர் வேற, 1996-ல் பாடினவர் வேற. இளையராஜா பாட்டு இளையராஜா பாட்டுதான். ஜானகி பாட்டு, எஸ்.பி.பி. பாட்டு என்றும் சொல்கிறோம், உண்மை. ஆனால் கேசட் கடையில் அடுக்கி வைத்திருந்தது மியூசிக் டைரக்டர் வரிசையில்தான்.

இப்போ ஜோடி சேர்க்கலாம். அணிகளில் பழசும் உண்டு, புதுசும் உண்டு. இசைப் பக்கம் மட்டும் தொண்ணூறுகள்.

இளையராஜாவும் வட கரோலினாவும்

எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி இதுதான். வட கரோலினா பல்கலைக்கழக அணிக்கு டீன் ஸ்மித் 1961 முதல் 1997 வரை பயிற்சியாளர். ஓய்வு பெற்றபோது 879 வெற்றிகள், அன்றைக்கு அதுதான் சாதனை. அவர் ஆட்டம் முழுக்க ஒரு அமைப்பு. யார் எங்கே நிற்கணும், பந்து எத்தனை கை மாறணும், களைத்துப்போனால் எப்படி சைகை காட்டி வெளியே வரணும், எல்லாமே முன்கூட்டியே வகுத்தது. மைக்கேல் ஜோர்டன் அங்கேதான் மூன்று வருஷம் ஆடினார், சராசரி ஆட்டத்துக்கு 17.7 புள்ளி. பிறகு என்.பி.ஏ.வில் அவர் வாழ்நாள் சராசரியே 30.1. அதனால் அமெரிக்காவில் ஒரு பழைய ஜோக் உண்டு: ஜோர்டனை இருபது புள்ளிக்குக் கீழே நிறுத்தி வைக்க முடிந்த ஒரே ஆள் அவருடைய சொந்தக் கோச் டீன் ஸ்மித்தான் என்று.

ராஜா சாரின் ரெக்கார்டிங் பற்றி வாத்தியக்காரர்கள் சொல்வதைக் கேட்டால் அப்படியே பொருந்தும். வயலினுக்கு, புல்லாங்குழலுக்கு, பாஸ் கிடாருக்கு என்று தனித்தனியாக நொட்டேஷன் எழுதி வைத்துவிடுவார். வந்து, பார்த்து, வாசிக்கணும். சசிதரன் பாஸ் கிடார், புருஷோத்தமன் டிரம்ஸ், விஜி மானுவேல் கீபோர்டு, அருண்மொழி புல்லாங்குழல், வி.எஸ். நரசிம்மன் வயலின் என்று ஒவ்வொருத்தரும் தனியாக நின்று ஆடக்கூடிய ஜோர்டன்கள். நரசிம்மன் 1984-ல் 'அச்சமில்லை அச்சமில்லை'க்குத் தானே இசையமைத்தவர். அப்பேர்ப்பட்டவர்கள் எழுதி வைத்ததை எழுதி வைத்தபடி வாசித்தார்கள். எண்பதுகளின் பாட்டுகளில் பாஸ் கிடார் பின்னால் தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டே போகும், ஹெட்போன் போட்டுக் கேட்டவர்களுக்குத் தெரியும். அது வாசித்தவர் போகிற போக்கில் போட்டது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காகிதத்தில் எழுதி வந்தது என்று தெரிந்தபோது வாசித்தவர் மேல் மரியாதை குறையலை, கூடிச்சு. இன்னொருத்தர் எழுதினதை சொந்தமாகத் தோன்றினது மாதிரி வாசிப்பது லேசான வேலை இல்லை.

டீன் ஸ்மித் பற்றி இன்னொரு விஷயம். கூடைக்குள் பந்து போட்டவர், பந்தை அனுப்பிய சக ஆட்டக்காரரை நோக்கிக் கைநீட்டிக் காட்டணும் என்று பழக்கினார். "எனக்குக் கை தட்டாதே, அவனுக்குத் தட்டு" என்ற அர்த்தத்தில். இன்று உலகம் பூரா பாஸ்கெட்பாலில் அந்தப் பழக்கம் இருக்கு. 2015-ல் அவர் இறந்த பிறகு, அவரிடம் ஆடின சுமார் 180 பேருக்குத் தபாலில் ஆளுக்கு 200 டாலர் காசோலை வந்தது. வெளியே போய் ஒருவேளை நல்லா சாப்பிடுங்க என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். ஜோர்டனுக்கும் 200, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கும் 200. இதைப் படித்த அன்றைக்கு நான் வேலை எதுவும் செய்யலை.

ரஹ்மானும் கென்டக்கியும்

2009 முதல் 2024 வரை கென்டக்கியின் பயிற்சியாளர் ஜான் கலிபாரி. பள்ளி முடித்து ஒரு வருஷம் கழியாமல் என்.பி.ஏ.வுக்குப் போக முடியாது என்று 2006 முதல் விதி வந்தது. அதனால் திறமைசாலிகள் கல்லூரியில் ஒரே ஒரு வருஷம் ஆடிவிட்டுக் கிளம்பினார்கள். மற்ற கோச்சுகள் புலம்ப, கலிபாரி அதையே வழிமுறையாக்கினார். வருஷா வருஷம் புது முகங்கள். 2012-ல் பட்டம். அந்த அணியின் நாயகன் ஆந்தனி டேவிஸ் முதலாம் ஆண்டு மாணவர். இறுதி ஆட்டத்தில் அவர் போட்டது வெறும் 6 புள்ளி, பிடித்த ரீபவுண்டு 16, தடுத்த ஷாட் 6. சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. அந்த வருஷமே கென்டக்கியிலிருந்து ஆறு பேர் என்.பி.ஏ. தேர்வுக்குப் போனார்கள். மறுபடியும் முதலிலிருந்து.

1992-ல் 'ரோஜா' வந்தபோது நமக்கு ஆன அதிர்ச்சிக்கு ஒரு காரணம் சத்தம், இன்னொரு காரணம் குரல்கள். ஹரிஹரன் தமிழ்ச் சினிமாவுக்கு வந்ததே அதில்தான். அப்புறம் ஒவ்வொரு படத்திலும் "யாருடா இது?" என்று கேட்க வைத்தார். உன்னிகிருஷ்ணன் கர்நாடக சங்கீத மேடைக்காரர். 1994-ல் 'காதலன்', 'பவித்ரா' இரண்டிலும் ரஹ்மானுக்குப் பாடினார், வந்த வருஷமே தேசிய விருது. இதைவிடச் சரியான ஆந்தனி டேவிஸ் கிடைக்க மாட்டார். அதே வருஷத்துப் பெண் பாடகி விருது 'கருத்தம்மா'வுக்காக ஸ்வர்ணலதாவுக்கு. அவர் புது முகம் இல்லை, ஆனால் பந்தை அனுப்பினவர் அதே ஆள்.

வேலை செய்யும் முறையும் எதிரெதிர். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே மூச்சில் பதிவதற்குப் பதில், ரஹ்மான் தன் வீட்டு ஸ்டுடியோவில் ஒவ்வொருத்தரையாக வரவழைத்து, தாராளமாக வாசிக்க விட்டு, பிறகு கணினியில் வெட்டி ஒட்டுவார். ஸ்மித் தாளில் எழுதினார், கலிபாரி திறமையை முதலில் சேர்த்துவிட்டு ஆட்டத்தைப் பிறகு யோசித்தார். எது உசத்தி என்று என்னிடம் கேட்காதீங்க, கமென்ட்டில் ரத்த ஆறு ஓடும்.

தேவா, கொன்ஸாகா, எங்க டீக்கடை

இதை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்று ஒரு ஊர். அங்கே கொன்ஸாகா என்ற சின்ன யேசு சபைக் கல்லூரி, நம்ம லயோலா மாதிரி. 1999-லிருந்து என்.சி.ஏ.ஏ. போட்டி நடந்த ஒவ்வொரு வருஷமும் அந்த அணி உள்ளே இருக்கு. கோச் மார்க் ஃபியூ அந்த வருஷம் பொறுப்பேற்றவர்தான். பெரிய கல்லூரிகளின் ரசிகர்கள் இன்னமும் "அவங்க ஆடுறது சின்ன லீக்குப்பா" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை போய் இரண்டு முறையும் தோல்வி. 2017-ல் வட கரோலினாவிடம், 2021-ல் அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்து பேலரிடம்.

தொண்ணூறுகளின் இசை பற்றி யாராவது சீரியஸாக எழுதினால் ராஜா, ரஹ்மான், நடுவில் கொஞ்சம் வித்யாசாகர் என்று போய்விடும். தேவா பெயர் மூன்றாவது பக்கத்தில், மன்னிப்புக் கேட்கிற தொனியில் வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1992 'அண்ணாமலை', 1995 'ஆசை'யும் 'பாட்ஷா'வும், 1996 'காதல் கோட்டை', 1999 'வாலி', 2000 'குஷி'. பத்து வருஷமும் போட்டியில் இருந்திருக்கார். ரஜினி பெயர் எழுத்து எழுத்தாகத் திரையில் வரும்போது ஒலிக்கும் அந்த இசைகூட 'அண்ணாமலை'யில் இவர் போட்டதுதான். படம் வெளிவந்து முப்பது வருஷம் தாண்டியும் தியேட்டரில் விசில் அடிக்க வைக்கிற சில விநாடிகளைப் போட்டவருக்கு நாம் கொடுத்த இடம் அவ்வளவுதான்.

அவருடைய அணி பெரும்பாலும் வீட்டு அணி, தம்பிகள் சபேஷ்-முரளி கூடவே இருந்தார்கள். முக்கியமாக, கானாவை அவர் தயங்காமல் படத்துக்குள் கொண்டுவந்தார், தன் குரலிலேயே பாடினார். எங்க பக்கத்தில், ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடியில், சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுகிற பாட்டு அது. எங்க தெருவில் அதைக் கேட்டு வளர்ந்தவனுக்குத் தியேட்டரில் டி.டி.எஸ். சத்தத்தில் அந்தப் பேச்சு கேட்டபோது என்ன ஆகியிருக்கும் என்று தெற்கு சென்னை நண்பர்களுக்கு விளக்கிப் பார்த்திருக்கிறேன். அரைகுறையாகத்தான் புரியும். ஸ்போகேன்காரர்களுக்குப் புரியும்.

மற்றபடி, ஒரே ஒரு சீசன் எல்லாரையும் அசத்திவிட்டுப் போகிற அணிகளை அமெரிக்காவில் சிண்ட்ரெல்லா என்பார்கள். 2018-ல் யு.எம்.பி.சி. என்ற அணி வர்ஜீனியாவை 74-54 என்று உரித்தது. அதற்கு முன் 135 முறை கடைசித் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியிடம் ஆடி 135 முறையும் தோற்றிருந்தது. நம்ம பக்கம் எனக்கு உடனே தோன்றுகிற பெயர் மகேஷ். 'நம்மவர்', 'குருதிப்புனல்' என்று கைவிரலில் எண்ணும் அளவு படங்கள். 2002-ல் இறந்துவிட்டார். 'நம்மவர்' கல்லூரிக் கதை என்பது தற்செயல்.

ஒரு மரம், ஒரு கிளை மெட்ராஸுக்கு

பயிற்சியாளர்களுக்கு வம்சாவளி போடுவது அங்கே ஒரு பொழுதுபோக்கு. பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நைஸ்மித், 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பீச் பழக் கூடைகளைப் பால்கனியில் மாட்டி. பிறகு கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கோச். 55 வெற்றி, 60 தோல்வி. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே அதிகம் தோற்றிருக்கார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அவரிடம் ஆடியவர் ஃபாக் ஆலன். ஆலனிடம் ஆடியவர் டீன் ஸ்மித். ஸ்மித்திடம் உதவியாளர் ராய் வில்லியம்ஸ். 2017-ல் கொன்ஸாகாவைத் தோற்கடித்த வட கரோலினாவுக்குக் கோச் அவர்தான்.

நம்ம மரம்: ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் இளையராஜா. இளையராஜாவின் குழுவில் சின்னப் பையனாகக் கீபோர்டு வாசித்தவர் ரஹ்மான். ரஹ்மானுக்குக் கீபோர்டு புரோகிராமிங் செய்தவர்களில் ஒருத்தர் ஹாரிஸ் ஜெயராஜ், 2001-ல் 'மின்னலே'. எதிரெதிர் முகாம் என்று ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள், மரத்தில் பார்த்தால் ஒரே கிளை.

இதில் ஒரு ருசியான செய்தி இருக்கு. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர்தான் 1920-ல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிற கல்லூரி அது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எத்தனையோ பி.டி. மாஸ்டர்கள் அங்கே படித்து வந்தவர்கள். அதாவது நைஸ்மித் மரத்தின் ஒரு கிளை கன்சாஸுக்கும் வட கரோலினாவுக்கும் போன மாதிரி, இன்னொன்று நேராக அடையாறு ஓரத்துக்கு வந்திருக்கு. எங்க வடசென்னையில் ஃபுட்பால், குத்துச்சண்டை, கேரம்தான் தெரு விளையாட்டு. பாஸ்கெட்பால் பள்ளிக் காம்பவுண்டுக்குள் மட்டும் இருந்தது. காரணம், அது பி.டி. மாஸ்டர் வழியாக வந்த ஆட்டம்.

உறையில் யார் பெயர்

அணிக்கும் மியூசிக் டைரக்டருக்கும் உள்ள இந்த ஒற்றுமையில் ஒரு வில்லங்கம் இருக்கு. நிலைத்து நிற்பதன் மேல்தான் பெயர் ஒட்டும், பெயர் எங்கே ஒட்டுதோ அங்கேதான் காசும் ஒட்டும்.

எட் ஓ'பேனன் 1995-ல் யு.சி.எல்.ஏ. அணிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். பிற்பாடு லாஸ் வேகாஸில் கார் விற்கும் வேலையில் இருந்தார். ஒரு நாள் நண்பர் வீட்டில் வீடியோ கேம் ஒன்றைக் காட்டினார்கள். அதில் பழைய யு.சி.எல்.ஏ. அணி. அதில் ஒரு ஆட்டக்காரன், மொட்டைத்தலை, இடதுகை, சட்டை எண் 31. அவரேதான். பெயர் மட்டும் இல்லை. அந்த கேம் விற்ற காசில் அவருக்கு ஒரு பைசாவும் இல்லை. 2009-ல் வழக்குப் போட்டார், 2014-ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அது திறந்த கதவு வழியாகத்தான் பிறகு எல்லாம் நடந்தது. 2021-லிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம்.

நம்ம கேசட் உறைகளை நினைத்துப் பாருங்கள். படம், நடிகர், இசை, பாடலாசிரியர், பாடியவர். அந்தப் பாஸ் கிடாரை வாசித்தது யார், இடையில் வரும் அந்த நாலு விநாடிப் புல்லாங்குழல் யாருடையது என்பது பொதுவாக இருக்காது. ரஹ்மான் உறைகளில் வாசித்தவர்கள் பெயரையும் அச்சிட ஆரம்பித்தார். அதனால்தான் நவீன் குமார் புல்லாங்குழல், கீத் பீட்டர்ஸ் பாஸ், சிவமணி தாளம் என்று எங்க செட்டுக்குத் தெரிந்தது. டீன் ஸ்மித்தின் கைநீட்டல் வேலையைக் கோடம்பாக்கத்தில் செய்தது கலிபாரி ஜோடிக்காரர் என்பதால் என் ஒப்பீடு இங்கே கொஞ்சம் உடையுது. உடையட்டும்.

சட்டமும் மெதுவாக வந்தது. 2012 காப்புரிமைத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் ராயல்டிப் பங்கு அவர்களை விட்டுப் போகாது என்றாக்கியது. பாடகர்களுக்கும் பங்கு சொன்னது. யாருடைய பாட்டு என்ற கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று 2017 மார்ச்சில் எல்லாருக்கும் தெரிந்தது. அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது, அவர் அந்தப் பாட்டுகளை மேடையில் பாடுவதை நிறுத்தினார். நாற்பது வருஷ நண்பர்கள். கோச்சுடையதா, ஆடினவருடையதா? அன்றைக்கு எங்க குடும்ப வாட்ஸப் குழு இரண்டாகப் பிரிந்தது.

இப்போது அமெரிக்கக் கல்லூரி ஆட்டமே நம்ம பக்கம் நகர்ந்து வருது. 2021-லிருந்து ஆட்டக்காரர்கள் ஒரு வருஷம் உட்காராமலே கல்லூரி மாறலாம். ஒரே பையன் நான்கு வருஷத்தில் நான்கு சட்டை போடுகிறான். பழைய ரசிகர்கள் விசுவாசம் போச்சு என்று அழுகிறார்கள். காலையில் ஒருத்தருக்கும் மதியம் இன்னொருத்தருக்கும் கால்ஷீட் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றின நம்ம வயலின்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இங்கே கல்லூரி அணியில் ஆடுகிறவனுக்கு இந்தக் காசு எதுவும் கிடையாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு, ஹாஸ்டல் சாப்பாடு, பிறகு அதிர்ஷ்டம் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். இந்திய அணிக்கே கேப்டனாக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ வாங்கின அனிதா பால்துரை தெற்கு ரயில்வேக்காரர். என்.பி.ஏ. தேர்வு எப்படியோ, நம்ம பசங்களுக்கு ரயில்வே ஆர்டர் அப்படி. அது கிடைக்காதவர்கள்தான் அதிகம்.

என் பொறியியல் கல்லூரியில் நான் ஆடலை. டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுறவன். பன்னிரண்டு பேர் பெயர், எண், யார் எத்தனை புள்ளி, எத்தனை ஃபவுல். நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஜோனல் ஜெயித்தோம். ஷீல்டு முதல்வர் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதில் கல்லூரி பெயர், வருஷம். அவ்வளவுதான். பெயர்கள் இருந்த ஒரே காகிதம் நான் எழுதின ஸ்கோர் ஷீட். அது பழைய பேப்பர் கடைக்குப் போனதை நானே கண்ணால் பார்த்தேன்.

அந்த அணியின் பாயிண்ட் கார்டு திருவொற்றியூர்ப் பையன். வேலை ஆர்டர் வரவே இல்லை. இப்போது மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறான். போன மாதம் டீக்கடையில் இந்த ஒப்பீட்டை அவனிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "மச்சான், அப்ப நம்ம டீம் யாருடா?" என்றான். தேவா என்றேன். திருப்தியாகிவிட்டான்.

அப்புறம் டீக்கடை பில் பின்பக்கத்தில் பன்னிரண்டு பேர் பெயரையும் எழுத ஆரம்பித்தோம். பதினொன்று வந்தது. பன்னிரண்டாவது ஆள், எண் 14, இடதுகைக்காரன், ஃபைனலில் கடைசியாக இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டவன். ரெண்டு பேருக்கும் முகம் ஞாபகம் இருக்கு. பெயர் வரலை.